மோட்டாரை யார் நிறுத்துவது

பதினெட்டாம் நாள்.
கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் பதினோரு எட்டு.
முதலில் வாக்கர், அப்புறம் கத்தி பட்ட கால், அப்புறம் மற்றது.
முப்பத்தோரு வருசம் திருமங்கலம் வண்டியில்
கம்பியைப் பிடிக்காமல் நின்றவன்
ஆடாத மொசைக் தரையில்
கம்பியை விடாமல் போகிறேன்.

ஃப்ரிட்ஜ் கதவில்
ஆஸ்பத்திரித் தாளை ஒட்டியிருக்கிறாள் ராக்கம்மா.
சம்மணம் கூடாது. குத்தவைக்கக் கூடாது.
கால்மேல் கால் கூடாது.
(அதற்கெல்லாம் எனக்கு எங்கே நேரம் இருந்தது.)
ஒருக்களித்தால் தொடைகளுக்கு நடுவே தலையணை.
இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது.
விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது.

நேற்று ஓர் அஞ்சு ரூபாய்க் காசு விழுந்தது.
அரை மணி நேரம்
அதுவும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
கண்ணெதிரே சில்லறை.
கைக்கு வரவில்லை.

எடுத்த எலும்பை என்ன செய்தீர்கள் என்று
டாக்டரிடம் கேட்டேன்.
எலுமிச்சை அளவு இருந்ததாம்.
மஞ்சள் பையில் போட்டு எரித்துவிடுவார்களாம்.
அப்போ தத்தனேரிக்கு
முன்பதிவு பண்ணியாச்சு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. இவளும் சிரிக்கவில்லை.
மிச்சம் போகிற அன்றைக்கு
சாம்பலுக்குள் ஒரு குண்டு கிடக்கும்.
பையனிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்,
பயந்துவிடுவான்.

சாயங்காலம் பிசியோதெரபித் தம்பி ஜெபராஜ் வருவான்.
வாசற்படியைக் காட்டி
"ஒண்ணே ஒண்ணு ஏறுங்க சார்" என்பான்.
படியில நிக்காத, உள்ள ஏறு உள்ள ஏறு என்று
ஊரையே விரட்டியவன்
ஒற்றைப் படியில் நாலு நிமிசம் நிற்கிறேன்.
பின்னாலிருந்து யாரும் திட்டவில்லை.

மல்லாந்தே கிடப்பதில்
காது கூர்மையாகிவிட்டது.
பகலில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியவே தெரியாது.
பத்தேகாலுக்கு செல்லூர்த் தறிகள்
டீக்காக மொத்தமாய் ஓய்கின்றன.
பதினொன்றுக்கு மீன்காரர் ஹாரன்.
அதன்பிறகு, சுவருக்கு அங்கிட்டு நஜ்முன்னிசா,
இங்கிட்டு இவள்.
அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.
என்னிடம் சிரித்தது வேறு சிரிப்பு.

அப்புறம் இது.
அடுப்படியிலிருந்து கொல்லைக்கு
ஓர் எட்டு லேசு, ஓர் எட்டு பாரம்.
லேசு. பாரம். லேசு.
எந்த வண்டிக்கு எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் டிப்போவில்.
மூணு நாள் கேட்டேன்.
"உனக்கு முட்டி வலிக்குதா?"
"ஆமா."
"எப்ப இருந்து?"
வெங்காயம் நறுக்கும் கை நிற்கவில்லை.
"முருகவேலுக்குக் காலேஜ் பணம் கட்டுனோம்ல,
அந்த வருசம்."

அவன் படித்து முடித்து
கோயமுத்தூரில் அவன் மகளே
இப்போது ரெண்டாங் கிளாஸ்.

என் காலை ரெண்டு கையிலும் ஏந்தி
கட்டிலில் ஏற்றுகிறபோதெல்லாம்
அந்த முட்டியைத்தான் ஊன்றி நின்றிருக்கிறாள்.
தாளில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை.

இன்றைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு
ரெண்டு பேருமே மறந்துவிட்டோம்.
தொட்டி நிறைந்து மாடியிலிருந்து கொட்டுகிறது.
"இருங்க, நான் போறேன்."
"நீ உக்காரு. நான் போறேன்."
நிலைக்கதவைப் பிடித்து அவள் எழ,
வாக்கரைப் பிடித்து நான் எழ,
குறுகல் நடையில் மாட்டிக்கொண்டோம்.
வாக்கர் குறுக்கே.
அவளுக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை.

"தண்ணி போகுது, தண்ணி போகுது!"
நஜ்முன்னிசா கத்துகிறாள்.

"போகட்டும்" என்கிறாள் ராக்கம்மா,
வாக்கரின் இந்தப் பக்கக் கம்பியில் கையை ஊன்றி.
"வைகையிலயே இவ்வளவு பார்த்து நாளாச்சு."